வண்டியோட குணம்

இடது பக்கம் திரும்பினால் கத்தும். அந்தக் காரின்மேல் சொல்லக்கூடிய குற்றம் அது ஒன்றுதான். நேராகப் போனால் பூனை மாதிரிப் போகும். வலது பக்கம் பதவிசாகத் திரும்பும். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தோமோ இல்லையோ, யாரும் தொடாமலே ஹார்ன் 'பாஆஆம்' என்று ஊரைக் கூட்டும். சக்கரம் நிமிர்ந்தால்தான் வாயை மூடும்.

வேறு யாருடைய காராக இருந்தாலும், சரி, கத்திட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அது டிரைவிங் ஸ்கூல் டீச்சருடைய கார். டீச்சர் என்றால் சாதாரண டீச்சர் இல்லை. அவரை எதிரில் கண்டால் நேராகப் போகிற பஸ்காரர்கூட பயத்தில் இண்டிகேட்டர் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு இருந்தது அந்த ஒரே கார். அதை வைத்துத்தான் ஸ்கூல், அதை வைத்துத்தான் சோறு.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஏற்கெனவே கை நடுங்குகிறவர்கள். முதல் இடது திருப்பத்தில் ஹார்ன் அலறியதும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார்கள். சாலையோரம் போகிறவர் முட்டைப் பையைக் கீழே போட்டுவிட்டு இவர்கள் பரம்பரையையே விசாரிப்பார். டெஸ்ட் எடுக்கிற அதிகாரியோ பக்கத்து சீட்டில் துள்ளி விழுவார்.

"ஏன் ஹார்ன் அடிச்சீங்க?"

"நான் அடிக்கல சார்."

"பின்ன நானா அடிச்சேன்? இறங்குங்க."

போன தடவை போன அத்தனை பேரும் ஃபெயில். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஸ்கூல் நடத்துகிற அனுமதியே போய்விடும் என்று அதிகாரி வேறு சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த டெஸ்ட் இந்த சனிக்கிழமை. அதுவரை வலது பக்கம் மட்டும் திரும்பித் திரும்பி அதே நாலு தெருவைச் சுற்ற வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் டீச்சர். "இடது பக்கம் எப்போ டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு, "அது அடுத்த பாடம். முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதீங்க" என்று பதில்.

இங்கேதான் நம்ம ஆள் வருகிறான். அந்தக் காரை விற்ற கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குறையைக் கேட்டு எழுதுவது அவன் வேலை. டீச்சருக்கு அவன் மாப்பிள்ளை. ஒரே பெண்ணைக் கட்டியவன். கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஆறுதல்'. யார் எதைச் சொல்லி அழுதாலும், "விடுங்க, எல்லாருக்கும் இப்படித்தான்" என்பான். மெக்கானிக்குக்கு முடி கொட்டினாலும் அதுதான், மேனேஜருக்குப் பல் வலித்தாலும் அதுதான். ஒருமுறை பக்கத்து வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்ததற்கும் அதையே சொல்லி, பிள்ளைகளின் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மேனேஜருக்கு வேறொரு வியாதி. சர்வீஸ் சென்டருக்குள் 'கோளாறு' என்ற வார்த்தையே கேட்கக் கூடாது. "கோளாறுன்னு நம்ம வாயால சொன்னா அது நம்ம தலையில விடியும். குணம்னு சொல்லு. மனுஷனுக்கு மனுஷன் குணம் இல்லையா? அது மாதிரி வண்டிக்கு வண்டி குணம்" என்று காலையில் கதவைத் திறக்கும்போதே மந்திரம் மாதிரி ஓதுவார். கதவு கிறீச்சிட்டால் குணம். வைப்பர் வெயிலில் தானாக ஆடினால் குணம். இருக்கை சுட்டால்கூட அது பாசமான குணம்தான்.

டீச்சரின் கார் முதன்முதலில் கத்தியபோது வாரண்டி உயிரோடுதான் இருந்தது. டீச்சரும் உடனே கொண்டுவந்தார். மேனேஜர் கண்ணைக் காட்ட, ஆறுதலும் அப்பாவியாக, "இது வண்டியோட குணம் அத்தை. ஓட ஓட சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். வண்டி ஓடியது. வாரண்டியும் கூடவே ஓடிப்போயிற்று. ஹார்ன் மட்டும் அங்கேயே நின்றது.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி பேச்செடுத்தாள். அவளும் அம்மாவின் ஸ்கூலில்தான் வேலை செய்கிறாள். சாலை விதி வகுப்பு அவளுடையது.

"அம்மா வண்டிய எப்போ சரி பண்ணித் தரப் போறீங்க?"

"வாரண்டி முடிஞ்சு போச்சேம்மா. இனிமே கம்பெனி தொடாது. வெளியில பண்ணலாம்னா ஸ்டீயரிங்கையே முழுசா மாத்தணுங்கறாங்க. அந்தப் பணத்துக்குப் பாதிக் காரே வாங்கிடலாம்."

"வாரண்டி இருக்கும்போதே கொண்டு வந்தோமே! அப்போ சரியாயிடும்னு சொன்னது எந்த வாய்?"

அந்த வாயில் அப்போது சோறு இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? "விடும்மா, எல்லாருக்கும் இப்படித்தான்" என்றான்.

அவள் தட்டைக் கழுவி வைத்தாள், பையை எடுத்தாள், வாசலில் நின்று அமைதியாகச் சொன்னாள். "அம்மா வண்டி சத்தம் போடாம இடது பக்கம் திரும்பட்டும். நானும் சத்தம் போடாம வீடு திரும்புறேன்."

அவன் தெருவுக்குள் திரும்புவதே இடது பக்கம்தான். டீச்சர் சுற்றுவழியில் வந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போய்விட்டார்.

ஆறுதலுக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. வீடு வெறிச்சென்று இருந்தது. அவள் இருந்தால் பாத்திரம் பேசும், கதவு பேசும், ரேடியோவை விட சத்தமாக அவள் பாட்டு கேட்கும். இப்போது குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. அவள் இல்லாமல் அவனால் ஒரு வாய் காபிகூட ருசித்துக் குடிக்க முடியவில்லை. போன் பண்ணினால் டீச்சர்தான் எடுத்தார். "இடது பக்கத்துக்கு வழி பண்ணியாச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டார். "இன்னும் இல்ல அத்தை" என்றதும் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை டீச்சரே காரோடு சர்வீஸ் சென்டருக்கு வந்து இறங்கினார். பின்னாலேயே மகளும். காத்திருக்கும் ஹாலில் நல்ல கூட்டம். பல் டாக்டர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் அரைத் தூக்கத்தில் இருந்தார். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர், இறுதி ஊர்வலங்களுக்கு வண்டியும் பெட்டியும் ஏற்பாடு செய்கிறவர், மரியாதையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார்.

"என்ன மேடம் பிரச்சனை?"

"உங்க வண்டிக்குப் பிறவிக் கோளாறு. சரி பண்ணிக் குடுங்க."

'கோளாறு' என்றதும் மேனேஜர் முகம் சுளித்தது. "வாரண்டி முடிஞ்சிடுச்சு மேடம். அதுக்கப்புறம் கம்பெனிக்குப் பொறுப்பு இல்ல."

"ஏங்க, நான் என் பொண்ணக் கட்டிக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. வாரண்டி முடிஞ்சிடுச்சு, இனி அவ கோவத்துக்கு நான் பொறுப்பில்லன்னு மாப்பிள்ளைகிட்ட சொன்னேனா? இதோ, மூணு நாளா என் வீட்டுல வச்சு சர்வீஸ் பண்ணிட்டிருக்கேன்ல?"

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் அம்மாவை முறைத்தாள். மேனேஜரும் லேசுப்பட்டவர் இல்லை.

"அப்படிப் பார்த்தா பத்து வருஷம் கழிச்சு டயர் தேஞ்சாலும் எங்க தலையிலதான் கட்டுவீங்க. எதுக்கும் ஒரு எல்லை வேணாமா மேடம்?"

"நல்லாக் கேட்டீங்க. டயர் நான் ஓட்டினதால தேஞ்சது. அது என் பாடு. ஹார்ன் நான் ஓட்டினதாலயா கத்துது? உங்க ஃபேக்டரியிலருந்து வரும்போதே தொண்டையில எதையோ வச்சுத்தானே அனுப்பியிருக்கீங்க? பிறக்கும்போதே இருந்தது உங்க பாடு. அதுக்கு ஏதுங்க தேதி?"

"அது கோளாறே இல்ல மேடம். குணம்."

"குணமா? எப்பங்க குணமாகும்?"

டீச்சருக்கு அதற்கு மேல் சண்டை போட வரவில்லை. சட்டென்று குரல் உடைந்து, "சனிக்கிழமை டெஸ்ட்டுங்க. இந்த முறையும் ஊத்திக்கிட்டா ஸ்கூல மூடிட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதான். ஊருல எத்தனையோ பேர் இதே வண்டிய வச்சிருக்காங்க. எனக்குன்னு பார்த்து ஏன் இப்படி ஒண்ணு வந்து வாய்ச்சுது?" என்றார். பஸ்காரரை நடுங்க வைக்கிற டீச்சரின் கண்ணில் தண்ணீர்.

அதை ஆறுதல் பார்த்தான். அழுகிறவரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவனால் ஆகுமா? கவுண்டரைத் தாண்டி ஓடிவந்து, மனசார, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"அழாதீங்க அத்தை! உங்க வண்டி மட்டும் இல்ல. இந்த மாடல்ல எல்லா வண்டிக்கும் இப்படித்தான்!"

பல் டாக்டர் பேப்பரை இறக்கினார். "என்னது, எல்லாத்துக்குமா? என்னுது மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேனே! கிளினிக் இடது பக்கம் இருக்குதேன்னு எதிர்ச்சாரியில வண்டிய நிறுத்திட்டு, உயிரைக் கையில பிடிச்சிட்டு ரோட்டைத் தாண்டி ஓடுறேன் தினமும்!"

கணக்கு வாத்தியார் முழுசாக விழித்துக்கொண்டார். "நான் இடது பக்கம் போகணும்னா மூணு தடவை வலது பக்கம் திரும்புவேன். கணக்கு சரியா வருது, பெட்ரோல்தான் வரல."

கறுப்புக் கோட்டுக்காரர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "நான் இறுதி ஊர்வலத்துக்கு முன்னாடி போற வண்டிங்க. போன மாசம் கல்லறை வாசல்ல இடது பக்கம் திரும்பினேன். படுத்திருந்தவரைத் தவிர எல்லாரும் எகிறிக் குதிச்சாங்க."

அவ்வளவுதான். ஹால் கொல்லென்று வெடித்தது. ஆளாளுக்குத் தங்கள் வண்டி எங்கே, எப்போது, யார் முன்னால் மானத்தை வாங்கியது என்று சொல்லிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் தட்டி, கண்ணீர் வரச் சிரித்தார்கள். இத்தனை நாள் தன் தலையெழுத்து என்று ஒளித்து வைத்திருந்ததை வெளியே கொட்டுகிற சந்தோஷம் எல்லோருக்கும். மகள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் உம்மென்று ஆகிவிட்டாள்.

"நாளைக்கே உங்க பெரியவங்களைக் கூப்பிடுங்க. நாங்க எல்லாரும் வர்றோம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கிளம்பினார். கூட்டமும் அவர் பின்னால் கிளம்பியது.

மேனேஜர் ஆறுதலைக் கண்ணாடி அறைக்குள் இழுத்துப் போனார். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்களே, அதில் இரண்டாவது பக்கம் இப்போது ஆரம்பமாயிற்று.

"அறிவிருக்காய்யா உனக்கு? எல்லா வண்டிக்கும் இப்படித்தான்னா, தப்பு கம்பெனியோடதுன்னு நீயே பட்டயம் எழுதிக் குடுத்துட்டேன்னு அர்த்தம்!"

"அழுதாங்களே சார். ஆறுதலுக்குச் சொன்னேன்."

"நாளைக்குத் தலைமை ஆபீஸ்லருந்து மேடம் வர்றாங்க. அத்தனை பேர் முன்னாடியும், வாய் தவறிச் சொல்லிட்டேன், அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் அப்படின்னு சொல்லணும். சொல்லலன்னா அப்புறம் இந்த கவுண்டர் உனக்கு இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சா என் நாற்காலியும் இல்ல. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குய்யா."

மேனேஜரும் பாவம்தான். ஆறுதல் கணக்குப் போட்டுப் பார்த்தான். சொன்னால் பெண்டாட்டி வரமாட்டாள். சொல்லாவிட்டால் வேலை போகும். வேலை போனவனிடம் அவள் வந்துதான் என்ன பயன்? ஆனாலும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது ஒன்றுதான் அவன் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலை சர்வீஸ் சென்டர் முற்றம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. டாக்டர் தன்னைப் போல ஏமாந்த இன்னும் சிலரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். எல்லோரும் வலது பக்கமாகவே வந்து சேர்ந்து, ஒரே மாதிரிக் கார்களை வரிசையாக நிறுத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டு டீ குடித்தார்கள். டீச்சர் வாசலில் காவல் நின்றார். மகள் காருக்குள்ளேயே உட்கார்ந்து, புருஷன் பக்கம் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றாங்க, வர்றாங்க!" என்று மேனேஜர் டையைச் சரிசெய்தார்.

தூரத்தில் பளபளவென்று ஒரு கார். கம்பெனியின் அதே மாடல். தலைமை ஆபீஸ் மேடமே ஓட்டிவந்தார். வாசல் அவருக்கு இடது பக்கம். கார் வாசலை நெருங்கியது, வேகம் குறைந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு திரும்பாமல் நேரே தாண்டிப் போயிற்று.

"எங்கய்யா போறாங்க?" என்றார் மேனேஜர்.

கார் வெகுதூரம் போய், சாலை நடுவில் இருந்த இடைவெளியில் வலது பக்கமாக வளைந்து, எதிர்ச்சாரியில் திரும்பி வந்து, வாசலுக்கு நேரே இருந்த இடைவெளியில் மறுபடி வலது பக்கம் ஒடித்து, பதவிசாக உள்ளே நுழைந்து நின்றது.

முற்றத்தில் டீக்குவளைகள் அந்தரத்தில் நின்றன. கணக்கு வாத்தியார் வலது திருப்பங்களை எண்ண விரலை மடக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். டீச்சர் ஓட்டுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது.

மேடம் இறங்கினார். மடிப்புக் கலையாத உடுப்பு, கறாரான குரல். "எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஆபீஸுக்கு இந்த மாதிரி ஒரு புகாரும் இதுவரை வரல. ஏதோ ஒரு வண்டியில இருக்கிற சின்ன விஷயத்த வச்சு, எல்லா வண்டியும் அப்படித்தான்னு இங்க யாரோ சொன்னதாக் கேள்விப்பட்டேன். யார் அது?"

மேனேஜர் ஆறுதலை முன்னால் தள்ளினார். தள்ளும்போதே காதருகில், "வாய் தவறி. மறந்துடாதே. வாய் தவறி" என்றார்.

ஆறுதல் நின்றான். காருக்குள் அவன் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது அவனையே நேராகப் பார்த்தாள். அவன் மேடத்தின் முகத்தைப் பார்த்தான். கறார் முகம்தான். ஆனால் அந்தக் காது இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்திருந்ததைப் பார்த்தான். ஐயோ, இவரும் பாவமே என்று தோன்றிவிட்டது. தோன்றினால் அப்புறம் அவன் வாய் யார் பேச்சைக் கேட்கும்?

"மேடம், வாசல்ல இருந்து அவ்வளவு தூரம் போய்ச் சுத்திட்டு வந்தீங்களே," என்றான் அன்பாக. "வெக்கப்படாதீங்க மேடம். எல்லாருக்கும் இப்படித்தான்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடத்தின் உதடு துடித்தது. கோபமாக்கும் என்று எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். உதடு இன்னும் துடித்தது, தோள் குலுங்கியது, பிறகு அந்தக் கறார் அம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாருக்குமா? நிஜமா எல்லாருக்குமா? எனக்கு ஓட்டத் தெரியலன்னு என் வீட்டுக்காரர் ஒரு வருஷமா என்னைக் கரிச்சுக் கொட்டுறாருய்யா! கை பட்டு அடிக்குதுன்னு நானும் நம்பிட்டேன். கம்பெனியில இருந்துட்டு இதைப் போய் யார்கிட்ட சொல்றது?"

அதற்குப் பிறகு யார் யாரோடு சிரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கறுப்புக் கோட்டுக்காரர் தன் வண்டியில் ஏறி, முற்றத்திலேயே இடது பக்கம் ஒரு வட்டம் போட்டார். டாக்டர் பின்னாலேயே போனார். வாத்தியார் அதற்குப் பின்னால். பாஆஆம், பாஆஆம் என்று ஒரு ஊர்வலமே சுற்றியது. இத்தனை நாள் இடது பக்கம் போக முடியாத ஏக்கத்தை எல்லாம் தீர்த்துக்கொண்டார்கள். மேடம் அந்த இரைச்சலிலேயே ஒரு காதைப் பொத்திக்கொண்டு தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"ஆமா சார், இது நம்ம வண்டிகள்தான் கத்துது... இல்ல சார், எல்லாமே. வாரண்டியா? அது வேற, இது வேற. செய்யும்போதே செஞ்ச தப்புக்குத் தேதி கிடையாது சார். நாமதான் பண்ணித் தரணும், வாரண்டி இருந்தாலும் இல்லன்னாலும்... வார்த்தையா? கோளாறுன்னே எழுதிக்குங்க."

மேனேஜர் 'கோளாறு' என்ற வார்த்தையைக் கேட்டும் உயிரோடு இருந்தார். அதுவே அவருக்கு ஆச்சரியம். நாற்காலியும் பிழைத்தது.

மெக்கானிக் டீச்சரின் காரைத்தான் முதலில் பிரித்தார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு வயரை ஃபேக்டரியிலேயே குட்டையாக வைத்துவிட்டிருந்தார்கள். இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் அது இழுபட்டு நசுங்கியதாம். அதை மாற்றி மூடுவதற்குள் டீச்சர் பத்து தடவை, "குணமாயிடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் டீச்சர் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "நீங்களே ஓட்டிப் பாருங்க மாப்பிள்ளை. ஓட ஓட சரியாயிடும்னு சொன்னவரு நீங்கதானே? சரியாயிடுச்சான்னு பார்த்துட்டு, நாளைக்கு டெஸ்ட்டுக்கு முன்னாடி கொண்டாந்து விடுங்க." சொல்லிவிட்டு, மகள் மறுபடி காரில் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காதவர் மாதிரி டாக்டரின் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஆறுதல் ஓட்டினான். பக்கத்தில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். தெருமுனை வந்தது. இடது பக்கம். மெதுவாக ஒடித்தான். இன்னும் ஒடித்தான்.

கார் ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பியது.

"திரும்பிடுச்சு," என்றான்.

"தெரியுது," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "நீங்க அந்தம்மாகிட்ட வாய் தவறிடுச்சுன்னு சொல்லிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

"வேலை போயிருந்தா?"

"அதுக்கென்ன? ஸ்கூல்ல வந்து பாடம் எடுங்க. ஃபெயிலானவங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் வேணும்ல?"

அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்து தெரு கலங்கித் தெரிந்தது. வீட்டு வாசல் வந்தது. தெருவே கம்மென்று இருந்தது. அவள் வெளியே எட்டிப் பார்த்தாள், என்னவோ குறைகிறது என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும்.

"சத்தம் போடாம திரும்புறேன்னு சொல்லிட்டேன்," என்றாள். "சொன்னபடி திரும்பியாச்சு. ஆச்சில்ல?"

"ஆச்சு."

அவள் அவன் மேல் சாய்ந்து கையை நீட்டி, ஹார்னை அமுக்கினாள். நன்றாக, நீளமாக, பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் விழித்துக்கொண்டு அழும்வரை அமுக்கினாள். பிள்ளைகளின் அப்பா வெளியே ஓடிவந்து, "யாருய்யா அது?" என்று கத்தினார்.

"நான்தாண்ணே," என்று அவள் கையை ஆட்டினாள். "வந்துட்டேன்."